பதினைந்து பேர், பத்துக் கோடி பவுண்டு, கொஞ்சம் நிகழ்தகவு

2019 டிசம்பரில் சில நாள்கள், கற்பனைக் கால்பந்து ஆடும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் மேக்னஸ் கார்ல்சன். 2013-இல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்திடமிருந்து உலக சதுரங்கப் பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனாரே, அதே கார்ல்சன்தான். அந்த சீசன் முடிந்தபோது வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவர் ஜோஷுவா புல். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புற்றுநோயைக் கணித மாதிரிகளால் ஆராய்கிற கணிதவியலாளர். ஒரே சீசனில் ஒரு சதுரங்க மேதையும் ஒரு கணிதவியலாளரும் உச்சிக்கு வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் இது பந்தைப் பற்றிய விளையாட்டுதானா என்று ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது.

அவர்கள் ஆடியது ஃபேண்டஸி பிரீமியர் லீக். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கே 2002 முதல் நடத்திவரும் இலவச இணைய விளையாட்டு. இப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். உங்களிடம் கற்பனையாக 10 கோடி பவுண்டு தருவார்கள். அதைக் கொண்டு 15 நிஜ வீரர்களை வாங்க வேண்டும்: கோல்கீப்பர் 2, டிஃபெண்டர் 5, மிட்ஃபீல்டர் 5, ஃபார்வர்டு 3. ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு வாரமும் அவர்களில் 11 பேரை இறக்கி, ஒருவரைக் கேப்டன் ஆக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வது உங்களுக்குப் புள்ளியாக வந்து சேரும். கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும். இப்படி 38 வாரம்.

புள்ளிக் கணக்கு இது. களத்தில் 60 நிமிடம் நின்றாலே 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. கோல் அடித்தால் ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபெண்டருக்கு 6. கோலுக்கு வழிசெய்து கொடுத்தால், அதாவது அசிஸ்ட், 3. எதிரணியைக் கோல் அடிக்க விடாமல் வைத்தால் கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1. இதுதான் கிளீன் ஷீட். மஞ்சள் அட்டைக்கு ஒன்று போகும், சிவப்புக்கு மூன்று போகும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ். 2025-26 முதல், பந்தைத் தடுத்து விலக்கும் கடின உழைப்புக்கும் 2 புள்ளி உண்டு. மற்ற நுணுக்கங்களை ஆடஆடத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த யோசனை பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. 1962-இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் சிறு பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக், அணியோடு நியூயார்க் போயிருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து விதிகளை வகுத்தார். அது அவர்களுடைய முட்டைப் பந்துக் கால்பந்து. பிறகு 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் பேஸ்பாலுக்கு ஒன்று தொடங்க, அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள் அதற்கு அடிமையாயின. நம்முடைய வட்டப் பந்துக்கு 1991-இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வெய்ன்ஸ்டைன் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் கணக்கு முழுக்கக் காகிதத்தில்.

முதல் நாள் கணக்குத் தொடங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். போன சீசன் நட்சத்திரங்களை வரிசையாக அள்ளிப்போடுவார்கள். ஐந்தாறு பேரிலேயே பணம் தீர்ந்துவிடும். எர்லிங் ஹாலண்ட் ஒருவர் மட்டுமே 2024-25 தொடக்கத்தில் 1.5 கோடி. மிச்சப் பணத்தில் பெயர் தெரியாத பெஞ்ச் ஆட்களைத்தான் வாங்க முடியும்.

கணினியியலில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: முதுகுப்பைச் சிக்கல். பையில் இவ்வளவு எடைதான் தாங்கும். வெவ்வேறு எடையும் மதிப்பும் உள்ள பொருள்களில் எவற்றை எடுத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும்? இங்கே எடைக்குப் பதில் விலை. லீக்கில் 50 கோல்கீப்பர், 200 டிஃபெண்டர், 200 மிட்ஃபீல்டர், 60 ஃபார்வர்டு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 15 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 27 இலக்கம் கொண்டது. விலை வரம்பும் கிளப் வரம்பும் பெரும்பகுதியைக் கழித்துவிடும் என்றாலும், மிச்சத்தைக் கையால் எண்ணிப் பார்க்க ஆயுள் போதாது. கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை. முழு எண் நேரியல் திட்டமிடல் என்ற முறையால் சாதாரண மடிக்கணினி நொடிகளில் விடை சொல்லும்.

அப்படியானால் கணினி வைத்திருப்பவர்கள் எல்லாம் வெல்ல வேண்டுமே? கணினி கேட்கும் தகவல் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு வீரரும் வரும் வாரம் எத்தனை புள்ளி எடுப்பார்? அதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டத்தின் கடினம் முழுவதும் அந்த ஒரு எண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கால்பந்தில் கோல் அரிது. ஓர் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து இரண்டோ மூன்றோ. அரிதான நிகழ்வுகளைக் கொண்டு ஒருவரின் தரத்தை அளந்தால், அளவுகோலில் பாதி அதிர்ஷ்டமாகவே இருக்கும். இதை முதலில் எண்ணிக்கையாகப் பிடித்தவர் சார்லஸ் ரீப். பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்கராக இருந்தவர். 1950 முதல் ஆட்டங்களில் ஒவ்வொரு பாஸையும் ஷாட்டையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்தவர். புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து 1968-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் என்ற கணக்கு வந்தது. அதிலிருந்து நீளமாக உதைப்பதே சிறந்த ஆட்டம் என்று ரீப் எடுத்த முடிவைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அவர் எண்ணிய முறை மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வழியில் வந்த இன்றைய கருவிதான் எதிர்பார்ப்பு கோல். ரசிகர்கள் எக்ஸ்ஜி என்பார்கள். முன்பு அடிக்கப்பட்ட பல்லாயிரம் ஷாட்டுகளை வைத்து, இந்த இடத்திலிருந்து, இந்தக் கோணத்தில், காலாலோ தலையாலோ அடித்தால் எத்தனை சதவீதம் கோலாகிறது என்று பார்ப்பார்கள். பெனால்டி நான்கில் மூன்றுக்குச் சற்று அதிகமாக உள்ளே போகிறது; எனவே அதன் மதிப்பு 0.75-க்குக் கொஞ்சம் மேல். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து விடும் சாதாரண ஷாட்டுக்கு 0.03, 0.04 என்றுதான் கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த எல்லா ஷாட்டுகளின் மதிப்பையும் கூட்டினால், அவருக்கு வாய்த்த வாய்ப்பின் அளவு வரும். அடித்தாரா இல்லையா என்பது அதில் சேராது.

இப்போது ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 0.4 எதிர்பார்ப்பு கோல், 0.25 எதிர்பார்ப்பு அசிஸ்ட். இது சாதாரண ஆளின் கணக்கு அல்ல. லீக்கின் முன்வரிசை நட்சத்திரம். முழு ஆட்டமும் நின்றால் 2 புள்ளி, கோலுக்கு 0.4 தரம் 5, அதாவது 2, அசிஸ்டுக்கு 0.25 தரம் 3, அதாவது 0.75. ஆக வாரத்துக்கு 4.75. கிளீன் ஷீட்டும் போனஸும் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டும்.

ஆனால் எந்த வாரமும் அவர் 4.75 எடுக்க மாட்டார். இங்கேதான் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் படித்த பாய்சான் பரவல் உதவிக்கு வருகிறது. சராசரியாக 0.65 முறை நடக்கும் ஒரு நிகழ்வு, ஒரு தடவைகூட நடக்காமல் போகும் வாய்ப்பு 52 சதவீதம். அதாவது, நீங்கள் ஒரு கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய நட்சத்திரம், பாதிக்கும் மேற்பட்ட வாரங்களில் கோலும் அடிக்க மாட்டார், அசிஸ்டும் தர மாட்டார். இரண்டு புள்ளியோடு வீடு திரும்புவார். தொடர்ந்து மூன்று வாரம் இப்படிப் போக 14 சதவீத வாய்ப்பு. நான்கு வாரத்துக்கு 7 சதவீதம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் 38 ஆட்டம் கொண்ட சீசனில் எங்கேயாவது ஓரிடத்தில் அப்படி நான்கு வார வறட்சி வரும் வாய்ப்பைக் கணக்கிட்டால் சுமார் 78 சதவீதம் வருகிறது. எதிரணி எதுவாயினும் வாய்ப்பு ஒன்றே என்று எளிமைப்படுத்திப் போட்ட கணக்குதான் இது, படம் மாறாது.

இந்த வறட்சியைத்தான் தொலைக்காட்சியில் ஃபார்ம் போய்விட்டது என்பார்கள். லட்சக்கணக்கானோர் அவரை விற்றுவிட்டு, போன வாரம் இரண்டு கோல் அடித்த யாரையோ வாங்குவார்கள். அந்த யாரோ, இரண்டு தூரத்து ஷாட்டுகளில் அதிர்ஷ்டம் அடித்தவராக இருப்பார். எட்டு ஆட்டத்தில் இருவர் தலா ஐந்து கோல் அடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்புகளின் கூட்டு மதிப்பு 2, மற்றவருக்கு 5. புள்ளிப் பட்டியலில் இருவரும் சமம். அடுத்த எட்டு ஆட்டத்துக்கு என் பணம் இரண்டாமவர் மேல்தான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே குட்டையாக இருப்பதை 1886-இல் ஃபிரான்சிஸ் கால்டன் கண்டார். எந்த அளவீட்டில் அதிர்ஷ்டம் கலந்திருந்தாலும் இந்தப் பின்வாங்கல் உண்டு. கால்பந்து அதற்கு விலக்கல்ல.

விலக்கான மனிதர்கள் உண்டு. தென்கொரியாவின் சோன் ஹியுங்-மின் 2021-22-இல் ஒரு பெனால்டியும் இல்லாமல் 23 கோல் அடித்தார். வாய்ப்புக் கணக்கு அவ்வளவு தரவில்லை. இரு காலாலும் ஒரே துல்லியத்தில் அடிக்கும் அவர், பல சீசன்களாகவே கணக்கை மிஞ்சிக்கொண்டிருந்தார். பல சீசன் என்பதைக் கவனியுங்கள். ஆறு வாரம் மிஞ்சியவர்கள் ஏராளம்.

டிஃபெண்டரை வாங்குவதிலும் இதே கணக்குதான். எதிரணி சராசரியாக 0.8 கோல் அடிக்கும் என்று தெரிந்தால் கிளீன் ஷீட் வாய்ப்பு 45 சதவீதம். 1.2 என்றால் 30. 2 கோல் அடிக்கக்கூடிய பெரிய அணி என்றால் 13 அல்லது 14. எனவே நடுத்தர அணியின் டிஃபெண்டர், பலவீனமான அணியைச் சொந்த மைதானத்தில் சந்திக்கும் வாரத்தில், பெரிய அணியின் டிஃபெண்டரைவிட நல்ல சரக்காக இருப்பார். விலையும் குறைவு. ஒரே கிளப்பின் கோல்கீப்பரையும் இரு டிஃபெண்டர்களையும் சேர்த்து வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த மூவரின் தலையெழுத்தும் ஒன்று. 88-ஆம் நிமிடத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தால் 12 புள்ளி ஒன்றாகப் போகும். சராசரி மாறாது, ஏற்ற இறக்கம் மட்டும் பெருகும். அது சில சமயம் உங்களுக்குத் தேவையானதாகவே இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

புதிதாக வருபவர்கள் கவனிக்கவே கவனிக்காதது நிமிடங்கள். 0.6 எதிர்பார்ப்பு கோல் உள்ள ஸ்டிரைக்கர் 70-ஆம் நிமிடத்தில் இறங்கினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலா யாரை உட்கார வைப்பார் என்று ஊகிப்பது ஒரு தனிச் சூதாட்டம். செவ்வாய், புதன்களில் ஐரோப்பியப் போட்டி ஆடிய அணிகள் சனிக்கிழமை ஆள்களை மாற்றும். நடுத்தர அணியில் வாராவாரம் 90 நிமிடம் நிற்கும், பெனால்டியும் எடுக்கும் ஒரு மிட்ஃபீல்டர், பெரிய கிளப்பின் அரை நேர நட்சத்திரத்தைவிட எவ்வளவோ மேல்.

விதிகளே தரும் சலுகைகளையும் தேட வேண்டும். லிவர்பூலின் முகமது சலா 2024-25-இல் 29 கோலும் 18 அசிஸ்டும் எடுத்து 344 புள்ளி சேர்த்தார். இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு சீசனுக்கு அதுவே உச்சம். களத்தில் அவர் செய்தது முன்கள ஆட்டக்காரரின் வேலை. ஆனால் விளையாட்டின் பட்டியலில் அவர் மிட்ஃபீல்டர். கோலுக்கு நாலுக்குப் பதில் ஐந்து, கிளீன் ஷீட்டுக்கு ஒன்று. வகைப்பாடு ஒன்றினாலேயே கோல் கணக்கில் மட்டும் 29 புள்ளி கூடுதல். ஒவ்வொரு சீசனுக்கும் பட்டியல் வெளியாகும்போது, அனுபவசாலிகள் விலைக்கு முன்னால் பார்ப்பது யார் எந்த வகையில் இருக்கிறார் என்பதைத்தான்.

விலையைப் பற்றி ஒரு பிழையான யோசனை பரவலாக இருக்கிறது: ஒரு பவுண்டுக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் 60 லட்சம் பவுண்டில் 4 புள்ளி தருபவர், 1.4 கோடியில் 7 புள்ளி தருபவரைவிட மலிவு. ஆனால் களத்தில் இறங்க 11 இடங்கள்தான். மலிவானவர்களை இருபது பேர் இறக்க முடியாது. மிக மலிவான ஒருவரும் நிமிடக் கணக்குக்காகவே 2 புள்ளி தந்துவிடுவார். அதற்கு மேல் கிடைப்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். விலையுயர்ந்தவருக்குக் கேப்டன் பட்டை கட்டினால் அவருடைய 7 பதினான்காகிறது. அதனால் ஓரிரு யானைகளும் நிறைய நம்பகமான நடுத்தர விலைக்காரர்களும் என்ற அமைப்பு பெரும்பாலான சீசன்களில் சரியாக வருகிறது. பெஞ்சில் காசைப் பூட்டி வைப்பது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

வாரத்துக்கு ஒரு வீரரை இலவசமாக மாற்றலாம். மாற்றாவிட்டால் அந்த உரிமை ஐந்து வரை சேரும். அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி அபராதம். இரண்டு நல்ல வீரர்களுக்கு இடையே வாராந்தர எதிர்பார்ப்பு வேறுபாடு பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைப் புள்ளிதான் இருக்கும். அந்த 4 புள்ளியை ஈட்ட மூன்று நான்கு வாரமாகும். அதற்குள் புதியவர் காயமடையாமல் இருக்க வேண்டும். காயமோ தடையோ குவிந்து 11 பேரை இறக்க முடியாத நிலை தவிர, அபராதம் கட்டுவது கோபத்தில் செய்யும் செலவுதான். ஞாயிறு இரவு தோல்விக் கடுப்பில் மாற்றங்களைச் செய்யாமல் வெள்ளிவரை காத்திருப்பவருக்குக் காயச் செய்தி இலவசமாகக் கிடைக்கிறது. முழு அணியையும் அபராதமில்லாமல் மாற்றும் வைல்ட்கார்டு போன்ற சிறப்புச் சீட்டுகளும் உண்டு; முதல் மாதத்தில் அவற்றைத் தொடாமல் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது புள்ளி சேர்ப்பது பற்றி. தரவரிசையோ மற்றவர்களையும் பொறுத்தது. ஹாலண்டை 60 சதவீதம் பேர் வைத்திருக்கிறார்கள், 50 சதவீதம் பேர் கேப்டனாகவும் ஆக்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர் 10 புள்ளி எடுத்தால் சராசரி ஆட்டக்காரருக்கு 11 சேரும். நீங்கள் அவரை வைத்திருந்தும் கேப்டன் ஆக்கவில்லையென்றால், ஹாலண்ட் கோல் அடிக்கும்போது உங்கள் தரவரிசை இறங்கும்! புதியவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கணக்கு இது. எல்லோரிடமும் இருப்பவரை வாங்குவது முன்னேறுவதற்கு அல்ல, அடிபடாமல் இருப்பதற்கு. முன்னேற, யாரிடமும் இல்லாத ஒருவர் வேண்டும். நண்பர்கள் லீக்கில் நீங்கள் முன்னிலையில் இருந்தால் இரண்டாம் இடத்துக்காரரின் கேப்டனையே நீங்களும் போடுங்கள். அவரால் நெருங்க முடியாது. பின்தங்கியிருந்தால் ஏற்ற இறக்கம் உங்கள் நண்பன். ஒரே அணியின் மூன்று தடுப்பாளர்கள் என்ற அந்தத் துணிச்சல் அப்போதுதான் பொருந்தும்.

இவ்வளவும் அதிர்ஷ்டத்தின் மேல் கட்டிய மாளிகைதானா என்று கேட்கலாம். இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சவுத்தாம்டன் பல்கலைக்கழகக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் எழுதிய தானியங்கி மேலாளர் 25 லட்சம் மனிதர்களுக்கு எதிராகச் சுமார் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தது. வெறும் அதிர்ஷ்டம் என்றால் நிரலுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் பல சீசன் தரவுகளை ஒப்பிட்டு, ஒரு சீசனில் மேலே வந்தவர்கள் மற்ற சீசன்களிலும் மேலே இருக்கும் போக்கைக் கண்டார்கள். எம்ஐடி ஆய்வாளர்கள் 2018-இல் வேறு வழியில் போனார்கள். அமெரிக்காவில் பணம் கட்டி ஆடும் கற்பனைப் போட்டிகளில் ஒவ்வொருவரின் ஆட்டங்களையும் இரண்டாகப் பிரித்து, முதல் பாதியின் வெற்றி விகிதம் இரண்டாம் பாதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். நாணயம் சுண்டுவதில் ஒத்துப்போகாது. இங்கே தெளிவாகவே ஒத்துப்போனது.

இந்தக் கேள்வி நம் நீதிமன்றங்களிலும் ஏறியிருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற வழக்கில், திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கற்பனை விளையாட்டுக்கு அதே அளவுகோலைப் பயன்படுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலேயே, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. கட்டணமே இல்லாத பிரீமியர் லீக் விளையாட்டு அந்த வகையில் வராது.

கணக்கெல்லாம் போடத் தெரியாதவருக்கும் எளிதில் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. நவம்பர் வந்தால் லட்சக்கணக்கான அணிகள் கவனிப்பாரற்றுக் கிடக்கும். காயமடைந்தவர் கேப்டனாகவே தொடர்வார். வாராவாரம் கெடு முடியுமுன் எட்டிப் பார்த்தாலே அவர்களைத் தாண்டிவிடலாம். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கதவு மூடும். சனிக்கிழமை மதிய ஆட்டத்தோடு தொடங்கும் வாரத்தில் நமக்கும் இலங்கைக்கும் அது பிற்பகல் 3.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன் பிறகு 4.30. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பின் மறுபடி 3.30. வெள்ளி இரவு ஆட்டம் இருக்கும் வாரங்களில் கெடு ஒரு நாள் முன்னதாகவே, நம் இரவு பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும்.